வேலையில் சேர்ந்த நாளின் விதி கடைசிவரை நிற்கட்டும்: ஆஸ்திரேலியக் குடிவரவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய அரசின் குடிவரவுத் துறைக்கும், மாநில, ஆட்சிப்பகுதி அரசுகளின் நாமினேஷன் (விசாவுக்கான பரிந்துரை) அலுவலகங்களுக்கும்,

வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராந்தியப் பகுதியில் வேலை பார்த்து, அந்த உள்ளூர் வேலையைச் சான்றாக வைத்து 491 என்ற தற்காலிகப் பிராந்தியத் திறன் விசாவுக்கு மாநிலத்தின் நாமினேஷன் கேட்கிறார் ஒருவர். அவர் அந்த வேலையில் சேர்ந்த நாளில் என்ன விதி இருந்ததோ, அதுவே அவருக்குக் கடைசிவரை பொருந்த வேண்டும். விதியை மாற்ற வேண்டிய தேவை வந்தால் மாற்றுங்கள். அதற்குப் பிறகு வேலையில் சேருகிறவர்களுக்கு அது பொருந்தட்டும். ஏற்கெனவே வந்து, வீடு பிடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, பாதி மாதங்களைக் கடந்துவிட்டவரை மறுபடி முதல் படிக்கு அனுப்ப வேண்டாம்.

நான் விக்டோரியாவின் ஷெப்பர்டனில் குடியிருக்கிறேன். பால்பொருள் ஆலையில் ஃபிட்டர் வேலை. 491-க்கு முன்பிருந்த 489 என்ற பிராந்திய விசாவில் இருந்து, 887 என்ற நிரந்தர விசா வழியாக வதிவிட உரிமை பெற்றவன். பதிவுபெற்ற குடிவரவு முகவர் அல்லன். யாருக்கும் விசா ஆலோசனை சொல்வதில்லை, சொல்வதற்குச் சட்டமும் இடம் தரவில்லை. ஆனால் இந்தப் பக்கம் புதிதாக வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாடகை வீடு பார்க்கவும், பழைய கார் வாங்கும்போது உடன் போகவும் ஓர் ஆள் தேவைப்படுகிறது. அப்படிப் பழகியவர்களின் வீட்டில் பேச்சு எங்கே தொடங்கினாலும் விசாவில் போய்த்தான் நிற்கும். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

உள்ளூர் வேலை வேண்டும் என்று நீங்கள் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. 491 விசாவுக்கு வயது, ஆங்கிலம் போன்றவற்றுக்குக் கிடைக்கும் பாயிண்ட் எல்லாம் சேர்த்து 65 வேண்டும்; அதில் 15 பாயிண்ட் மாநில நாமினேஷனால் வருகிறது. அத்தனை பெரிய உதவியைச் செய்யும் மாநிலம், இவர் இங்கே தங்குவாரா, இவருடைய தொழிலுக்கு இங்கே தேவை உண்டா என்று பார்க்கத்தான் செய்யும். அதற்கு வேலையைவிட நல்ல சான்று வேறு இல்லை. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களுக்கு வெளியே உள்ள ஆஸ்திரேலியா முழுவதும் இன்று இந்த விசாவுக்குப் பிராந்தியப் பகுதிதான். ஆனால் பெர்த்தில் வேலை தேடுவதும், ஷெப்பர்டனிலோ வாரனம்பூலிலோ வேலை தேடுவதும் ஒன்றல்ல. சிற்றூரில் ஒரு தொழிலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே ஒருவர் வேலை வாங்கிவிட்டார் என்றால் அந்த ஊருக்கு அவர் வேண்டும் என்று அர்த்தம்.

சிக்கல் அந்த நிபந்தனை வைக்கும் முறையில் இருக்கிறது. விசா கைக்கு வந்த பிறகு பாதை தெளிவானது. மூன்று ஆண்டுகள் பிராந்தியப் பகுதியிலேயே வாழ்ந்து, வேலை பார்த்து, மூன்று நிதியாண்டுகளின் வரி மதிப்பீட்டு அறிவிப்புகளைக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் 191-க்கு ஆண்டு வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. பிறகு அந்தக் குறைந்தபட்சத் தொகையை எடுத்துவிட்டீர்கள். சிற்றூர்ச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் அந்த ஒரு முடிவால் எவ்வளவு நிம்மதி அடைந்தன என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். நன்றி.

ஆனால் விசாவுக்கு முந்தைய கட்டத்தில் எந்த உறுதியும் இல்லை. எத்தனை மாத வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, எந்தத் தொழில், ஒரே முதலாளியிடமா, வேலையும் வீடும் ஒரே பகுதியிலா என்பதையெல்லாம் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுக்கிறது. நிதியாண்டு மாறும்போது இவையும் மாறுகின்றன. சில சமயம் ஆண்டின் நடுவிலேயே மாறுகின்றன. நாமினேஷன் வேண்டுபவர் முதலில் தன் வாழ்க்கையின் ஓர் ஆண்டை அந்த ஊரில் போட வேண்டும்; போட்ட பிறகுதான் அந்த ஆண்டு கணக்கில் வருமா என்பது அவருக்குத் தெரியும். விதைத்து முளைத்த பிறகு குத்தகை நிபந்தனையை மாற்றுவது போன்றது இது.

இந்த ஓர் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அலுவலக மேசையில் அது ஒரு கட்டத்துக்குள் போடும் டிக் மட்டுமே.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், மெல்பர்னில் சிவில் எஞ்சினியரிங் முதுநிலைப் படிப்பு முடித்தவர். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் 485 விசா அவருக்கு இரண்டு ஆண்டுகள். மெல்பர்னில் படித்தவர் என்பதால், பிராந்தியக் கல்வி நிலையத்தில் படித்தவர்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது 485-க்கு வழியில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் என்னென்ன நடக்க வேண்டும் பாருங்கள். தொழிலுக்கு ஏற்ற வேலையைத் தேட வேண்டும்; உள்ளூர் அனுபவம் இல்லாத ஒருவருக்கு அதற்கே பல மாதங்கள் போய்விடுகின்றன. கிடைத்த ஊருக்குக் குடிபெயர வேண்டும். மாநிலம் கேட்கும் மாதக் கணக்கு முடியும்வரை வேலை பார்க்க வேண்டும். திறன் மதிப்பீடு வாங்க வேண்டும், ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், ஸ்கில்செலக்ட் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் விருப்ப மனு போட வேண்டும், மாநிலத்திடம் தனியாக ஆர்வப் பதிவும் செய்ய வேண்டும். பிறகு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் விசா விண்ணப்பம்.

அவருக்குச் சாலை போடும் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை கிடைத்தது. ஊரும் பிடித்துப்போயிற்று, கணவரும் பெருநகர வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். மாநிலம் கேட்ட மாதங்கள் நிறைவதற்குச் சற்று முன்பு புதிய நிதியாண்டு பிறந்தது. கேட்கும் மாதங்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. எந்த மாநிலம் என்று சொல்லப் போவதில்லை. இது எங்கும் நடக்கக்கூடியது, நான் குறை சொல்வதும் ஓர் அலுவலகத்தை அல்ல. புதிய கணக்கின்படி தகுதி பெறும் நாள், அவருடைய 485 முடியும் நாளுக்கு அப்பால் போய்விட்டது. அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. முதலாளிக்கு அவரை விட மனமில்லை. தாக்குப்பிடிக்க, நாட்டைவிட்டு வெளியே போய் விண்ணப்பித்து வேறொரு படிப்பில் சேரலாமா என்று யோசிக்க வேண்டிய நிலைக்கு, சாலை போடத் தெரிந்த ஓர் எஞ்சினியர் வந்து நின்றார். மாணவர் விசா என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஊருக்கு அவர் முழுநேரம் வேண்டும்.

இதே காலத்தில் மற்ற கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 33 வயது நிறைந்த அன்று வயதுக்கான பாயிண்ட் 30-லிருந்து 25 ஆகிறது. 40 நிறைந்தால் 15. ஆங்கிலத் தேர்வு முடிவு மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிறது. திறன் மதிப்பீட்டுக்கும் காலக்கெடு உண்டு. ஆறு மாதத் தாமதம் என்பது காகிதத்தில் ஆறு மாதம். ஒரு பிறந்தநாள் குறுக்கே வந்துவிட்டால் அது முழுக் கனவையும் கலைத்துவிடும்.

நான் கேட்பது புதுமையான சலுகை இல்லை. இந்த நியாயத்தை நீங்களே பலமுறை கடைப்பிடித்திருக்கிறீர்கள். என் கதையே அதற்குச் சான்று. 2019 நவம்பர் 16 அன்று 489 விசாவை மூடிவிட்டு 491-ஐக் கொண்டுவந்தீர்கள். அன்றைக்கு நான் 489-இல் இருந்தேன். எனக்கு இருந்த நிபந்தனை இரண்டு ஆண்டுகள் பிராந்தியப் பகுதியில் வாழ்வது, ஓர் ஆண்டு முழுநேர வேலை பார்ப்பது. புதிய விசாவில் அது மூன்று ஆண்டாக ஆயிற்று. எங்களையும் அந்த மூன்று ஆண்டுக்குள் இழுத்திருக்கலாம். நீங்கள் இழுக்கவில்லை. 489-காரர்களுக்கு 887 விசா அப்படியே திறந்திருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்தீர்கள். அந்த ஆண்டுகளில் என்னைப் போன்றவர்கள் இரவு தூங்கியதற்குக் காரணம் அதுதான்.

முதலாளி ஸ்பான்சர் செய்யும் விசாக்களிலும் இப்படித்தான் நடந்தது. குறைந்தபட்சச் சம்பள வரம்பு 2013-லிருந்து பத்தாண்டுகள் 53,900 டாலரிலேயே அசையாமல் கிடந்தது. அதை 2023 ஜூலை 1 முதல் 70,000 ஆக்கினீர்கள். வெகுகாலம் முன்பே செய்திருக்க வேண்டிய நல்ல காரியம். குறைந்த சம்பளத்தில் நம்மவர்களைப் பிழிந்தவர்களுக்கு அது கடிவாளம் போட்டது. அந்த மாற்றத்தை ஏப்ரலிலேயே அறிவித்தீர்கள். ஜூலை 1-க்கு முன் முதலாளிகள் தாக்கல் செய்த நாமினேஷன்களைத் தொடவில்லை. ஆக முன்கூட்டியே சொல்வதும், நடுவழியில் இருப்பவர்களைக் காப்பதும் உங்களுக்குத் தெரிந்த நடைமுறைகள்தான். உள்ளூர் வேலையை நம்பி வந்தவர்களுக்கு மட்டும் அவை ஏன் இல்லை?

ஒரு வேறுபாடு உண்டு என்பது எனக்குப் புரிகிறது. 489-காரர் கையில் விசா இருந்தது. நாமினேஷன் தாக்கல் செய்த முதலாளியின் கையில் ரசீது இருந்தது. உள்ளூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதங்களை எண்ணுகிறவர் உங்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. அவர் மாதங்களை முடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும்போதுதான் அப்படி ஒருவர் இருப்பதே உங்களுக்குத் தெரிகிறது. அதனால் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். வேலையில் சேர்ந்தவுடன் மாநிலத்திடம் ஒரு தொடக்கப் பதிவு செய்ய வழி ஏற்படுத்துங்கள். பெயர், தொழில், முதலாளி, ஊர், சேர்ந்த நாள், அவ்வளவு போதும். அந்தப் பதிவு நாளின் விதிகள் அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாறாமல் நிற்கட்டும். இதனால் உங்களுக்கும் ஒரு பயன் உண்டு. எந்த ஊரில், எந்தத் தொழிலில், எத்தனை பேர் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். இன்று அது தெரியாததால்தான் விண்ணப்பங்கள் திடீரெனக் குவிந்து, அவசர அவசரமாக வாசலை மூட வேண்டி வருகிறது.

“எண்ணிக்கை எங்கள் கையில் இல்லை, கன்பரா கொடுப்பதைத்தான் பங்கிடுகிறோம்” என்று மாநில அலுவலகங்கள் சொல்லும். உண்மைதான். 2025-26 நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கிவிட்டது. அந்த ஆண்டின் நிரந்தரக் குடிவரவு எண்ணிக்கை செப்டம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. அறிவித்த எண்ணும் முந்தைய ஆண்டின் அதே 1,85,000தான். மாறாத ஓர் எண்ணைச் சொல்ல இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்திலும் விசா முடிகிறவர்களுக்கு விசா முடிந்துகொண்டுதான் இருந்தது. மத்திய அரசுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன்: மாநிலங்களுக்கான பங்கை நிதியாண்டு பிறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆனால் நான் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் கேட்கவில்லை. இடம் குறைவாக இருந்தால் வரிசையில் காத்திருக்க எங்களுக்குத் தெரியும். வரிசையில் நிற்கும் தகுதியே பாதியில் பறிபோவதுதான் தாங்க முடியவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதற்கான, டாமா எனப்படும் வட்டார ஒப்பந்தங்களை முதலாளிகளின் நலனுக்காக ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்படி செய்துகொள்கிறீர்கள்; வடக்கு ஆட்சிப்பகுதியோடு அப்படி ஒன்று 2015-லேயே வந்துவிட்டது. முதலாளிக்குத் திட்டமிட ஆண்டுகள் வேண்டும் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறது. குடும்பத்தோடு ஊர் மாறுகிற தொழிலாளிக்கும் அதே அவகாசம் வேண்டும்.

அடுத்தது முதலாளியின் கடிதம். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் வேலையை நிரூபிக்க ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்கிறீர்கள். ஆனாலும் கடைசியில் எல்லாம் தொங்குவது முதலாளி கையெழுத்திட்டுத் தரும் ஒரு கடிதத்தில்தான்: இவர் இன்ன வேலை செய்கிறார், வாரத்துக்கு இத்தனை மணி, வேலை தொடரும். நல்ல முதலாளி ஐந்து நிமிடத்தில் தந்துவிடுவார்; இந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் நல்லவர்கள்தான். ஆனால் அந்தக் கடிதத்தின் விலை தெரிந்த ஒரு சிலர் இருக்கிறார்கள். ஓவர்டைம் கேட்காதே, சனிக்கிழமையும் வா, கடிதம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். வாயால் மிரட்ட வேண்டியதே இல்லை. கடிதத்தைத் தள்ளிப்போட்டால் போதும். ஸ்பான்சர் செய்யப் பணமோ வேறு ஆதாயமோ வாங்குவது 2015 டிசம்பரிலிருந்து சட்ட விரோதம். விசா நிலையைக் காட்டி ஒருவரை நெருக்கி வேலை வாங்குவதை 2024 ஜூலை 1 முதல் குற்றமாக்கினீர்கள். இரண்டும் தேவையான சட்டங்கள். ஆனால் அந்தச் சட்டங்களைச் சொல்லி முதலாளியோடு மோதினால் கடிதம் வராது. கடிதம் வராவிட்டால் நாமினேஷன் இல்லை. அப்படியிருக்க யார் வாய் திறப்பார்?

இதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. சிங்கிள் டச் பேரோல் முறை 2018-இல் பெரிய நிறுவனங்களுக்கும், 2019-இல் சிறியவற்றுக்கும் வந்தது. ஒவ்வொரு சம்பள நாளிலும் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு வரி பிடித்தோம் என்பதை முதலாளி வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஓய்வுக்கால நிதியான சூப்பர் பணம் வேறு தனியாகப் போகிறது. ஒருவர் எந்த மாதம் யாரிடம் வேலை பார்த்தார் என்பது அரசுக்கு ஏற்கெனவே தெரியும். 191 விசாவுக்கு வரி மதிப்பீட்டை நம்புகிற நீங்கள், நாமினேஷனுக்கும் வரித்துறைப் பதிவை, விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு, முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். முதலாளியின் கடிதம் கூடுதல் சான்றாக இருக்கட்டும். அது இல்லை என்பதற்காக மட்டும் கதவு மூடப்படக் கூடாது.

ஒரே முதலாளியிடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ள இடங்களில் அதையும் தளர்த்துங்கள். அதே ஊரில், அதே தொழிலில், வேறொருவரிடம் மாறினால் மாதங்கள் ஏன் அழிய வேண்டும்? ஊருக்கு அவர் உழைப்பு கிடைத்துக்கொண்டேதானே இருக்கிறது. முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482, 494 விசாக்காரர்களுக்கு வேலை போனால், வேறு முதலாளியைத் தேட ஒரே தடவையில் 180 நாள் வரை கொடுத்திருக்கிறீர்கள். அதே மனதை இவர்களிடமும் காட்டுங்கள்.

வேலைப் பொறுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய ஊரின் சிறிய நிறுவனத்தில் யாரும் ஒரே வேலையை மட்டும் செய்வதில்லை. எஞ்சினியர் அளவெடுப்பார், லாரிக்குப் போன் போடுவார், கணக்கும் எழுதுவார். தொழில் வகைப்பாட்டுப் பட்டியலில் உள்ள வரிகளோடு அவருடைய நாளை ஒப்பிட்டால் பொருந்தாத மணி நேரங்கள் இருக்கத்தான் செய்யும். மையமான வேலை எது என்று பாருங்கள்.

இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் சட்டக் கடமை. கேட்டு வாங்கி, ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள். கையில் ரொக்கம், கணக்கில் காட்டாத மணி நேரம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த மாதங்கள் உங்களுடையவை ஆகாது. விசாவுக்காகப் பணம் கேட்பவர் உங்களுக்கு உதவுகிறவர் அல்லர்.

மறுபடியும் அதிகாரிகளிடம். ஒரு சிற்றூர் ஒருவரைத் தன்னவராக எவ்வளவு உறுதியாக ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு நாடறிந்த உதாரணம் குவீன்ஸ்லாந்தின் பிலோயீலா. 2018 மார்ச்சில் அந்த ஊரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் விடியற்காலையில் தடுப்புக்காவலுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் புகலிடம் கேட்டு வந்தவர்கள். திறன் விசாவுக்கும் அவர்கள் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்பதை அறிவேன். குடும்பத் தலைவர் உள்ளூர் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவர்களை எங்கள் ஊருக்கே அனுப்புங்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. கூட வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டில் இருந்தவர், பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டவர் என்ற உறவுதான் அந்த ஊரைப் பேச வைத்தது. உள்ளூர் வேலை என்ற நிபந்தனையின் வழியே நீங்கள் தேடுவதும் இந்த உறவைத்தானே? அது உருவாகிக்கொண்டிருக்கும்போது விதியை மாற்றி அறுத்துவிட்டால், அடுத்து வருகிறவர் ஊரில் பெட்டியைப் பிரிக்கவே தயங்குவார். சங்கத்தில் சேர மாட்டார், வீடு வாங்க யோசிப்பார், மனைவியையும் பிள்ளையையும் பெருநகரத்திலேயே விட்டுவிட்டு வருவார். அப்படி வருகிறவரைப் பார்த்து, இவர்கள் இங்கே தங்க மாட்டார்கள் என்று முடிவெடுப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

ஆகவே, அடுத்த நிதியாண்டின் நிபந்தனைகளை ஜூலைக்கு மூன்று மாதம் முன்பே வெளியிடுங்கள். அவற்றில், முன்பே வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய விதியே பொருந்தும் என்ற ஒரு வரியைச் சேருங்கள். தொடக்கப் பதிவு முறையை ஒரு மாநிலமாவது இந்த ஆண்டே சோதித்துப் பார்க்கட்டும். ஷெப்பர்டன் பக்கம் நீங்கள் வருவதாக இருந்தால், இந்த நிலையில் இருக்கும் குடும்பங்களையும் அவர்களுக்கு வேலை கொடுத்திருப்பவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச ஏற்பாடு செய்ய நான் தயார். மாலை ஆறு மணிக்குப் பிறகு என்றால் ஷிப்ட் முடித்துவிட்டு எல்லோராலும் வர முடியும்.

இப்படிக்கு,
ஷெப்பர்டனில் வசிக்கும் ஒரு தமிழ்த் தொழிலாளி